கழிவுக் குழியிலிருந்து கிணற்றுக்கு எத்தனை நாள்? சாக்பீஸ், டியூப் லெவல், எக்செல் வைத்து ஒரு கணக்கு

"ஆறு வருஷம் ஆகும் அக்கா, கவலைப்படாதீங்க" என்று சொன்னவன் நான்தான். ஐந்தாம் மாதமே கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் 54 என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. "இன்னாப்பா, ஆறு வருசம்னு சொன்னே?" என்று மேரி அக்கா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். சூத்திரத்தில் தப்பில்லை. அதற்குள் நான் போட்ட ஒரே ஒரு எண்ணில்தான் தப்பு. அந்த எண்ணை எப்படிப் போட வேண்டும் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

இடம் பெங்களூர், லிங்கராஜபுரம் பக்கம். மேரி அக்கா வீட்டுக் கிணறு அவர் மாமனார் காலத்துக்கும் முந்தியது. பக்கத்துத் தெருவில் ஒரு அபார்ட்மென்ட் எழும்பியது. யுஜிடி, அதாவது பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்கும்வரை என்று சொல்லி, பின்பக்கம் ஒரு குழி வெட்டி எல்லாக் கழிவையும் அதில் விட்டார்கள். குழிக்கும் கிணற்றுக்கும் 90 மீட்டர். நான் மண் பரிசோதனை ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவன். அதனால் கேள்வி என்னிடம் வந்தது.

முதலில் கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். "நிலத்தடி நீர் மாசு பற்றி ஒரு மாடல்" என்று ஆரம்பித்தால் ஊர் போய்ச் சேராது. எங்கள் கேள்வி இவ்வளவுதான்: மேரி அக்கா கிணற்றில் நைட்ரேட் எப்போது 45 மில்லிகிராமைத் தாண்டும்? ஒரு லிட்டருக்கு 45 என்பது குடிநீருக்கான இந்தியத் தரநிலை 10500 வைத்திருக்கும் எல்லை. இங்கேயே ஒரு குழி இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். சில லேப்கள் நைட்ரேட்டாகவே எழுதுவார்கள். சில லேப்கள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எழுதுவார்கள். இரண்டுக்கும் நடுவே 4.43 மடங்கு வித்தியாசம். நைட்ரஜன் 12 என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து "45க்கு எவ்வளவோ கீழே" என்று சந்தோஷப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது 53.

அடுத்தது, தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு படம். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். பெங்களூரின் அடியில் இருப்பது நைஸ் என்கிற பழைய கெட்டிப் பாறை. மேலே செம்மண், அதன் கீழே மொரம் என்கிற சரளை மண், அப்புறம் உளுத்துப்போன பாறை, அதற்கும் கீழே வெடிப்பு ஓடிய கெட்டிக் கல். உளுத்த பாறை எவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொள்ள யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். தெருவில் போர் போட்ட வீட்டுக்காரரிடம் பழைய பில்லைக் கேளுங்கள். கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது என்று அதில் இருக்கும். கெட்டிக் கல் தட்டும்வரைதான் கேசிங் இறக்குவார்கள், ஆகவே அதுதான் உளுத்த பாறையின் ஆழம். எங்கள் தெருவில் 60 அடி, அதாவது 18 மீட்டர் சொச்சம். நீர்மட்டம் 6 மீட்டரில் நின்றது. ஆக, தண்ணீர் ஊறி நிற்கும் தடிமன் 12 மீட்டர்.

இப்போது நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். தெருச் சாக்கடை ஓடும் பக்கமே நிலத்தடி நீரும் ஓடும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று கிணறு வேண்டும், மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது, மூன்றும் ஒரே ஆழத்துச் சங்கதியாக இருக்க வேண்டும். ஆயிரம் அடி போரின் நீர்மட்டத்தையும் முப்பது அடிக் கிணற்றின் நீர்மட்டத்தையும் ஒரே தாளில் எழுதினால், மாடி வீட்டுத் தண்ணித் தொட்டியையும் பக்கத்து வீட்டுச் சம்ப்பையும் ஒப்பிட்ட மாதிரிதான். நாங்கள் எடுத்தது: அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் ஒரு பங்களாவின் கிணறு, மாவு மில்லில் ஓட்டை போட்ட பைப் இறக்கிய 60 அடி பழைய போர், மேரி அக்காவின் கிணறு.

அளப்பது சுலபம். ஸ்டீல் டேப்பின் கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் கிணற்றில் இறக்குங்கள். தண்ணீர் தொட்ட இடம் வரை சாக்பீஸ் நனைந்து நிறம் மாறியிருக்கும். கிணற்று விளிம்பில் காட்டும் அளவிலிருந்து நனைந்த அளவைக் கழித்தால் நீர்மட்ட ஆழம். அரை சென்டிமீட்டருக்குச் சரியாக வரும். காலை ஐந்து மணிக்கு, யாரும் மோட்டார் போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். மூன்று கிணற்று விளிம்பும் ஒரே உயரத்தில் இருக்காது அல்லவா? அதற்கு மேஸ்திரியிடம் டியூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய்) இரவல் வாங்கி, தெருமுனைக் கரண்ட் கம்பத்தின் அடியை 100.00 மீட்டர் என்று வைத்துக்கொண்டு மூன்று விளிம்பின் உயரத்தையும் அதிலிருந்து அளந்தோம். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் கணக்கு கெட்டுவிடும். நாங்கள் ஒருமுறை முழுசாகத் திரும்ப அளந்தோம்.

பங்களாக் கிணற்றில் நீர்மட்டம் 94.20. மாவு மில்லில் 93.60. மேரி அக்காவிடம் 93.30.

இனி பென்சில் வேலை. உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் ஒரு கோட்டால் இணையுங்கள். பங்களாவிலிருந்து மேரி அக்கா வீடு 150 மீட்டர். மொத்த இறக்கம் 0.90. நடு எண்ணான 93.60 இந்தக் கோட்டில் எங்கே வரும்? 0.60ஐ 0.90ஆல் வகுத்து 150ஆல் பெருக்கினால் 100 மீட்டர். பங்களாவிலிருந்து 100 மீட்டரில் ஒரு புள்ளி வைத்து, அதை மாவு மில்லோடு இணையுங்கள். அந்தக் கோடு முழுக்க நீர்மட்டம் 93.60. நீர் அதற்குச் செங்குத்தாக ஓடும். பங்களாவிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் அளந்தபோது 75 மீட்டர். 0.60ஐ 75ஆல் வகுத்தால் சரிவு 0.008. அம்புக்குறியைக் குழியிலிருந்து தொடங்கிப் போட்டேன். அது மேரி அக்கா வீட்டுத் துணிக் கொடிக்குக் கிட்டே போய் முடிந்தது. அதைப் பார்த்ததும் அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒரு எச்சரிக்கை. இந்த அம்பு நிரந்தரம் இல்லை. 2024 மார்ச்சில் ஊர் முழுக்கத் தண்ணிப் பஞ்சம் வந்தபோது டேங்கர்காரர்கள் ராத்திரி பகலாக இறைத்தார்கள். பக்கத்தில் அப்படி ஒரு போர் ஓடினால் அம்பு அந்தப் பக்கம் திரும்பிவிடும். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை அளந்தே ஆக வேண்டும்.

அடுத்த எண் கடத்துதிறன்: மண்ணும் பாறையும் தண்ணீரை எவ்வளவு சுலபமாக விடுகிறது என்பது. 1856இல் டார்சி என்ற பிரெஞ்சு எஞ்சினியர் தீஜோன் நகரின் குடிநீருக்காக மணல் நிரப்பிய குழாய்களில் நீரை விட்டு அளந்து கண்டுபிடித்த விதியில் வரும் எண் இது. மாவு மில் போரில் நாங்கள் இப்படிச் செய்தோம். 200 லிட்டர் டிரம் நிறைய 250 விநாடி ஆனது. நிமிடத்துக்கு 48 லிட்டர், நாளுக்கு 69 கன மீட்டர். மோட்டாரை விடாமல் ஓட்டி, நீர்மட்டம் இறங்குவதைக் குறித்துக்கொண்டே வந்தோம். 20ஆம் நிமிடத்துக்கும் 200ஆம் நிமிடத்துக்கும் நடுவே, அதாவது நேரம் பத்து மடங்கானபோது, 1.05 மீட்டர் இறங்கியது. சூத்திரத்தில் வரும் மாறாத எண்ணான 0.183ஐ 69ஆல் பெருக்கி 1.05ஆல் வகுத்தால் 12: மொத்தத் தடிமனும் சேர்ந்து நீரைக் கடத்தும் அளவு. இந்தக் கணக்கு கூப்பர், ஜேக்கப் இருவரும் 1946இல் கொடுத்த குறுக்கு வழி. வந்த அளவை 12 மீட்டர் தடிமனால் வகுத்தால் கடத்துதிறன் நாளுக்கு 1 மீட்டர். முதல் இருபது நிமிடத்தை விட்டுவிடுவதற்குக் காரணம், அப்போது வெளியே வருவது பைப்புக்குள் ஏற்கெனவே நின்ற தண்ணீர். இதே காரணத்தால் அகலக் கிணற்றில் இந்தச் சோதனை பலிக்காது. நாள் முழுக்கக் கிணற்றுக்குள் இருப்பதையே இறைத்துக்கொண்டிருப்போம்.

இப்போது நான் சறுக்கிய இடம். நீரின் உண்மையான வேகம் என்பது கடத்துதிறனைச் சரிவால் பெருக்கி, நீர் ஓடும் இடைவெளியின் விகிதத்தால் வகுப்பது. பாடப்புத்தகத்தில் பயனுறு நுண்துளைமை என்று இருக்கும். நான் மண் லேப் ஆள். கையில் இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்து 0.2 போட்டேன். 1 பெருக்கல் 0.008 வகுத்தல் 0.2, நாளுக்கு 0.04 மீட்டர். 90 மீட்டர் போக 2250 நாள். ஆறு வருஷம் என்று சொன்னது இப்படித்தான்.

என் அப்பா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கம் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். ரிப்போர்ட் வந்த ராத்திரி அவரிடம் புலம்பினேன். "பாறையில தண்ணி வர்ற எடம் விரல் அகலம்தான்டா. மத்ததெல்லாம் வறண்ட கல்லு. நீ என்னமோ பாறை பூரா தண்ணி நடக்குற மாதிரி கணக்கு போட்டிருக்கே" என்றார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் அங்கேயே இறங்கிப்போனது.

உளுத்த பாறையில் ஈரம் நிறைய இடத்தில் இருக்கும், ஆனால் ஓடுவது சில கீறல்களில் மட்டும். மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1997இல் கொடுத்த நெறிமுறையில், களிமண் குறைவான உளுத்த நைஸிலிருந்து வடிந்து வரும் நீரின் அளவு 2 முதல் 4 சதவீதம். அதுவே தொடங்க வேண்டிய இடம். 0.02 போட்டுப் பாருங்கள். வேகம் நாளுக்கு 0.4 மீட்டர். 90 மீட்டருக்கு 225 நாள். ஏழரை மாதம். சனி பகவானுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, வகுத்தால் அப்படித்தான் வருகிறது.

ஆகவே பெங்களூர் மாதிரிக் கல் நாட்டில் இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் எல்லா எண்ணுக்கும் முன்னால் இந்த ஒரு எண்ணை ஆட்டிப் பாருங்கள். 0.01, 0.02, 0.05, 0.2 என்று நாலு தடவை போட்டு நாலு விடையையும் எழுதிவையுங்கள். ஒரே விடையைச் சொல்லிவிட்டு வந்ததுதான் நான் செய்த பாவம்.

சரி, ஏழரை மாதம் என்று கணக்கு சொல்ல, ஐந்தாம் மாதமே எப்படி வந்தது? 225 நாள் என்பது நடுக்கூட்டம் வந்துசேரும் நாள். மாரியம்மன் கோவில் ஊர்வலத்தில் தேர் வருவதற்கு முன்னாலேயே பத்துப் பசங்கள் ஓடி வருவார்கள் இல்லையா, அதுபோல மாசிலும் ஒரு பகுதி அகலமான கீறல் வழியாக முந்திக்கொண்டு வந்துவிடும். இதைப் பரவல் என்கிறோம். பரவல் கெழுவுக்கு வழக்கமான கைக்கணக்கு: பயணத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கை வேகத்தால் பெருக்குவது. 9 பெருக்கல் 0.4, ஆக 3.6.

இதற்கான சூத்திரத்தை 1961இல் ஒகாட்டாவும் பேங்க்ஸும் கொடுத்தார்கள். எக்செல்லிலும் லிப்ரே ஆபீஸிலும் இஆர்எஃப்சி (ERFC) என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அது போதும். 150ஆவது நாளுக்குப் போட்டுக் காட்டுகிறேன். நீர் அதற்குள் 60 மீட்டர் நகர்ந்திருக்கும்; மீதம் 30. பரவல் கெழுவை நாளால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து இரட்டித்தால் 46.5. முப்பதை இதால் வகுத்தால் 0.645, அதன் இஆர்எஃப்சி 0.361, பாதி 0.18. இது முதல் உறுப்பு. இரண்டாவது உறுப்புக்கு, வேகத்தைத் தூரத்தால் பெருக்கிப் பரவல் கெழுவால் வகுங்கள், 10 வரும். அதை எக்ஸ்போனென்ஷியலில் போட்டால் 22026. தூரத்தையும் நகர்ந்ததையும் கழிக்காமல் கூட்டி, 150ஐ 46.5ஆல் வகுத்தால் 3.23, அதன் இஆர்எஃப்சி மிகச் சின்ன எண், 22026ஆல் பெருக்கினால் 0.11, பாதி 0.055. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 0.236. அதாவது குழி நீரின் செறிவில் இத்தனை பங்கு அன்றைக்குக் கிணற்றுக்கு வந்திருக்கும்.

குழியிலிருந்து வரும் நீரில் நைட்ரஜன் லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்று வைத்தோம். கழிவில் அது பெரும்பாலும் அம்மோனியாவாக இருக்கும். காற்றுள்ள மண்ணில் இறங்கும்போது நைட்ரேட்டாக மாறும். 4.43ஆல் பெருக்கினால் 177. இதை 0.236ஆல் பெருக்கினால் 42. கிணற்றில் ஏற்கெனவே இருந்தது 20. ஆக 62. உண்மையில் லேப் சொன்னது 54. பரவாயில்லை, இந்தச் சூத்திரம் ஒரே திசையில் நேராக ஓடுவதை மட்டும் பார்க்கிறது. பக்கவாட்டில் விரிந்து நீர்த்துப்போவதைப் பார்ப்பதில்லை. சின்னக் குழிக்கு அது கூடுதலாகவே காட்டும்.

எக்செல்லில் நாள் என்ற இடத்தில் வேறு வேறு எண் போட்டு 45ஐத் தாண்டும் நாளைத் தேடினால் 130ஐ ஒட்டி வருகிறது. இரண்டாவது உறுப்பை விட்டுவிட்டால் 140. எந்தச் சமன்பாடு சரி என்று சிலர் இந்தப் பத்து நாளுக்காகச் சண்டை போடுவார்கள். கீறலின் அகலமே பத்து மடங்கு நிச்சயமில்லாத ஊரில் நான் போட மாட்டேன்.

நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, அதனால்தான் கணக்கு இவ்வளவு எளிது. பீன்யா பக்கம் மாதிரி முலாம் பூசும் பட்டறைகள் இருக்கும் இடத்தில் குரோமியம் என்றால் தாமதக் காரணி வேண்டும்: மண் அடர்த்தியை இடைவெளி விகிதத்தால் வகுத்து, ஒட்டும் கெழுவால் பெருக்கி, ஒன்று கூட்டுவது. அடர்த்தி 1.6, இடைவெளி 0.2, ஒட்டும் கெழு 0.5 என்றால் 5. மாசு தண்ணீரைவிட ஐந்து மடங்கு மெதுவாகப் போகும். இதே இடத்தில் 0.02 போட்டால் 41 என்று வரும். நம்பாதீர்கள். கீறலில் ஓடும் நீர் பாறை முழுவதையும் தொடுவதில்லை, அப்புறம் எங்கே ஒட்டுவது? ஆறு இணைதிறன் குரோமியம் நீரோடு நன்றாகவே நகரும், மூன்று இணைதிறன் ஒட்டிக்கொள்ளும். எது என்று லேபில் தனியாகக் கேளுங்கள். மொத்தக் குரோமியத்துக்கு எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்.

கம்ப்யூட்டரில் முழு மாடல் போட ஆசை இருந்தால், அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் மாட்ஃப்ளோ என்ற நிலத்தடி நீர் மென்பொருள் இலவசம். 1984இல் முதல் பதிப்பு வந்தது. பைத்தான் தெரிந்தால் ஃப்ளோபை என்ற பைத்தான் தொகுப்பை வைத்து ஓட்டலாம். மாடலில் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள்; ஒரு கட்டத்தின் அகலம் 18 மீட்டருக்கு மேல் போனால், அதாவது பரவல் நீளமான 9இன் இரு மடங்கைத் தாண்டினால், விடை மேலும் கீழும் ஆடும், பத்து வையுங்கள். நாளுக்கு 0.4 மீட்டர் போகும் நீர் ஒரு கட்டத்தைத் தாண்ட 25 நாள், ஆகவே நேரப் படி பத்து நாளுக்குள் இருக்கட்டும். ராஜகாலுவேயை (ஊரின் பெரிய மழைநீர்க் கால்வாய்) ஆறாகப் போடுங்கள், ஏரியை நிலையான மட்டமாக. ஆனால் மூன்று கிணறு அளக்காமல் இதில் உட்காராதீர்கள். கலர் கலராகப் படம் வரும், அவ்வளவுதான்.

மாதிரி எடுப்பதிலும் கவனம். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நுரை இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே லேபுக்குக் கொடுங்கள். நைட்ரேட்டோடு குளோரைடையும் பார்க்கச் சொல்லுங்கள். குளோரைடை எந்தப் பாக்டீரியாவும் தின்பதில்லை. அது ஏறி நைட்ரேட் ஏறவில்லை என்றால் வழியில் நைட்ரேட் சிதைகிறது என்று அர்த்தம். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் தடுங்கள்: நீர் வற்றுமே தவிர நைட்ரேட் வற்றாது, அளவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்கு அந்த நீரில் பால் கலக்கவே கூடாது.

மேரி அக்காவிடம் இந்தத் தடவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இடைவெளி 0.01 என்றால் இவ்வளவு, 0.02 என்றால் இவ்வளவு, 0.05 என்றால் இவ்வளவு. குழியை மூடினாலும் கீறலிலும் பாறையிலும் தங்கியது வெளியேற மாதக்கணக்கு ஆகும். குடிக்க, சமைக்கக் காவேரித் தண்ணீர், துணிக்கு மட்டும் கிணறு. மாதம் ஒரு மாதிரி எடுத்து, எந்த வரி உண்மையோடு ஒத்துப்போகிறது என்று அடித்துக்கொண்டே வருகிறோம். இப்போதைக்கு 0.02க்கும் 0.05க்கும் நடுவே நிற்கிறது. சாக்பீஸ் டப்பா அவர் வீட்டுக் கிணற்று மேடையிலேயே இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் போவதற்குள் அவரே அளந்து, 93.24 என்று சுவரில் எழுதிவைத்திருந்தார்.